முப்பத்திரண்டாம் பக்கத்தில் முங்கிய திமிங்கிலம்

பெரிய பேத்தி டாக்டராகிவிட்டாள். பேரன் சொந்தமாக அச்சகம் போட்டுவிட்டான். சின்னவள் நீச்சலில் கோப்பை வாங்கியிருக்கிறாள்.

ஆனால் இன்று ஜெயித்தது நான்.

அறுபதுகளில், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சிவகாசி அச்சகம் ஒன்றில் புத்தகத் தாள் மடிக்கப் போனேன். ஒருமுறை கடல் புத்தகம் வந்தது. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கங்கள் அச்சாகியிருக்கும்; எனக்குத் தந்த தாளில் பதினேழு முதல் முப்பத்திரண்டு வரையான பக்கங்கள்தான். கடைசி வரியில் திமிங்கிலம் மூச்சைப் பிடித்து ஆழத்துக்கு முங்கும்.

அடுத்த தாள், பக்கத்தில் உட்கார்ந்து மடித்த மாரியிடம் இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

"ஏ பிள்ள, மடிக்க வந்தியா, படிக்க வந்தியா?" என்று மேஸ்திரி அதட்டினார். அன்றே கட்டுகள் பைண்டிங்குக்குப் போய்விட்டன.

இன்று விருதுநகர் புத்தகக் கடையில் கடல் புத்தகம் ஒன்றை எடுத்தேன்.

"பேரனுக்கா வாங்குறீக பாட்டி?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான் தம்பி. ஒரு திமிங்கிலம் உள்ள போயி அறுபது வருசமாச்சு. மேல வந்துச்சான்னு பாக்கணும்."

நின்றபடியே எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு மணி நேரம்கூட மூச்சடக்கி, பிறகு மேலே வருமாம்!

"வந்துருச்சு தம்பி!" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள்.

இதைப் படிக்கிற கடலோரத்துச் சொந்தங்களே, திமிங்கிலத்தைக் கண்டால் புதிதாக ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். மேலே வருகிற படம் மட்டும். முங்குகிறதை அறுபது வருடமாக மனதுக்குள் நிறையப் பார்த்தாகிவிட்டது.