பல்லியைத் தொட்ட கை

சுவரில் எங்கோ ஒரு பல்லி "ப்ச், ப்ச்" என்று சத்தம் கொடுத்தால் போதும், தறியில் உட்கார்ந்திருக்கும் அப்பா குறுக்கே இழை ஓட்டும் நாடாவை நிறுத்திவிட்டு விரல் முட்டியால் தறிக்கட்டையைத் தட்டி "சிவசிவா" என்பார், அடுப்படியில் அம்மா கரண்டியால் மேடையைத் தட்டுவாள், அத்தை எந்த வேலையில் இருந்தாலும் குனிந்து தரையைத் தட்டுவாள். எல்லாத் தட்டும் விழுந்த பிறகுதான் எங்கள் வீட்டில் விட்ட பேச்சு தொடரும். இந்து மதம் என்றால் என்ன, சுருக்கமாகச் சொல் என்று அலுவலகத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் அண்மையில் கேட்டபோது, வினைப்பயன், மறுபிறவி என்று கம்பீரமாக ஆரம்பித்து இரண்டாவது வாக்கியத்திலேயே திணறிப்போனேன். உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்த மதத்தை அறிமுகம் செய்துவைத்தது பல்லிதான்.

பல்லி உடம்பில் எங்கே விழுந்தால் என்ன பலன் என்று நாள்காட்டி அட்டையின் பின்னால் அச்சடித்திருக்கும். தோளுக்கு வெற்றி, முதுகுக்குக் கவலை. கெட்ட பலன் வந்தவர்களுக்குப் பரிகாரமும் எங்கள் காஞ்சிபுரத்திலேயே இருந்தது. குருவுக்குக் கொண்டுவந்த தண்ணீரில் பல்லி கிடந்ததைக் கவனிக்காத சீடர்கள் இருவர் சாபத்தால் பல்லிகளாகி, பிறகு பெருமாள் தயவால் விடுபட்டார்களாம். அவர்கள் நினைவாகப் பெருமாள் கோயில் கூரையில் தங்கத்தில் ஒன்றும் வெள்ளியில் ஒன்றுமாகப் பல்லிகளைப் பதித்திருக்கிறார்கள். அவற்றைத் தொட்டவர்களைப் பல்லி தோஷம் அண்டாது. தொடமுடியாதவர்கள், தொட்டவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாலும் போதும். இவ்வளவு அனுசரித்துப்போகும் தெய்வம் வேறெங்கும் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அப்பாவின் தங்கை செல்வி அத்தையைப் பெண் பார்க்கத் தென்னேரியிலிருந்து வந்தார்கள். வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் "மூக்கு சரியில்ல", "ரொம்பப் பேசறாரு" என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்த அத்தை, தென்னேரிக்காரரின் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அதுவே சம்மதம் என்று வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவர்கள் வந்த அன்று அவள் இரண்டு தடவை பவுடர் போட்டதை நானே பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டை வாங்கக் கையை நீட்டிய அதே நேரத்தில், ஓட்டுக்கூரையிலிருந்து ஒரு தடிப் பல்லி அவர் தலையில் விழுந்து, நெற்றி வழியாகச் சறுக்கி, கேசரியை மிதித்துவிட்டுத் தறிக்கு அடியில் ஓடியது. எனக்குக் கெட்டிக்காரப் பிள்ளை என்று பெயர் எடுக்க ஆசை. யாரும் கேட்காமலேயே நாள்காட்டியைத் திருப்பி, "தலை, கலகம்" என்று உரக்கப் படித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். "நெத்தியும் பாரும்மா" என்றார் அப்பா. நெற்றிக்குப் பட்டாபிஷேகம் என்று போட்டிருந்தது. "பாத்தீங்களா, நெத்தியிலதான் விழுந்திச்சி!" என்று அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

"தலையிலதான் பா விழுந்திச்சி. என் தல எனக்குத் தெரியாதா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "கலகம்னு வந்துட்ட எடத்துல பூ வெக்க மாட்டேன். ஆனா நீங்கதான் காஞ்சிபுரத்துக்காரங்களாச்சே, பல்லியத் தொட்டிருப்பீங்க இல்ல? கையக் குடுங்க, கண்ணுல ஒத்திக்கிறேன்."

அவ்வளவுதான். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மா முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரிலேயே தறி ஓட்டும் எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடப் பல்லியைத் தொட்டதில்லை! நாங்கள் ஏகாம்பரநாதர் பக்கத்து சைவர்கள், பல்லி ஊரின் அந்தக் கோடியில். எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து தொடுகிறார்கள். உள்ளூர்க்காரனுக்கு என்ன அவசரம்? "அது எங்க போயிடப் போவுது" என்று அப்பா சொல்லிச் சொல்லியே காலம் போயிருந்தது.

"நான் போயி தொட்டுக்கினு வரேன்" என்றாள் அத்தை. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணே கிளம்பிப்போவதை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் உச்சிப்பொழுதில் நடை சாத்திவிடுவார்கள், பஸ்ஸுக்கு நின்றால் ஆகாது. மாப்பிள்ளை ஏகாம்பரம் தயங்கித் தயங்கி, "வண்டி இருக்குது" என்றார். காவலுக்கு என்னை பைக்கில் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தார்கள்.

கோயில் வரிசையில் நின்ற ஒரு அம்மாள் "எந்த ஊரும்மா?" என்று கேட்க, அத்தை "இதே ஊருதான்" என்றாள். அவர் நம்பவில்லை. பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாகப் படியேறி, அத்தை எம்பிப் பல்லிகளைத் தடவினாள். எனக்கு எட்டவில்லை என்று மாப்பிள்ளை என்னைத் தூக்கிப் பிடித்தார். நானும் தடவினேன், சில்லென்று வழவழவென்று இருந்தது. கீழே வந்ததும் பின்னால் கதவைச் சாத்தினார்கள்.

திரும்பும்போது அத்தை வலது கையை எதிலும் படாமல் போக்குவரத்து போலீஸ்காரரைப்போல உயர்த்தியே வைத்திருந்தாள். "புடிச்சிக்கங்க, விழுந்துடுவீங்க" என்றார் அவர். "இந்தக் கை உங்க அம்மாவுக்கு" என்றவள், இடது கையை என் தலைக்கு மேலாக நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டி அதற்குப் பிறகு ஏனோ மெதுவாகத்தான் போனது.

மாப்பிள்ளையின் அம்மா பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அத்தையின் கையை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, வருங்கால மருமகளைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார். "எனக்காக இந்த வெயில்ல ஓடிப் போயி வந்த பொண்ணு. பூ எடுங்க பா." அப்பா விடாமல், "அப்போ பட்டாபிஷேகம்தான்!" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் மருமகள் சண்டைக்குக் குறைவில்லை. எவ்வளவு சண்டை போட்டாலும் பல்லி விழுந்த அன்று மாமியார் "ஏ செல்வி, கையக் குடும்மா" என்று வந்து நிற்பார், சண்டை அத்தோடு முடிந்துவிடும். சில நாள் உண்மையிலேயே பல்லி விழுந்ததா என்று அத்தைக்கே சந்தேகம்.

போன மாதம் தென்னேரிக்குப் போயிருந்தேன். ஓட்டு வீடு இல்லை, மாடி வீடாகிவிட்டது. மாமியார் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி கத்தியது. தரையைத் தட்டியது அத்தை மட்டும்தான்.

"காலையில என் தல மேலயே விழுந்திச்சிடி" என்றாள்.

"உனக்கென்ன, நீதான் தொட்டவளாச்சே" என்றேன்.

"தொட்டேன்தான். இருந்தாலும், கையக் குடுன்னு கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல."

அன்று அந்தப் பல்லி என் விரலிலும் சில்லென்று, வழவழவென்று இருந்தது நினைவுக்கு வர, என் வலது கையை நீட்டினேன். அத்தை அதை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, வெகுநேரம் விடாமல் வைத்திருந்தாள்.