சுடுதளத்துக்கு ஒரு விருந்தினர் அனுமதி

ஸ்டுட்கார்ட்டில் நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். தமிழிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் ஜெர்மனுக்கு மாற்றி, கீழே என் வட்ட முத்திரையைக் குத்திக் கொடுப்பது தொழில். பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, பள்ளிக்கூடச் சான்றிதழ் என்று எங்கள் சனத்தின் முழு வாழ்க்கையும் என் மேசைக்கு வந்துதான் போகும். சுடுதளத்துக்கு அனுமதி எடுக்கிற அலுவல் மட்டும் அதுவரை வந்ததில்லை.

அதைக் கொண்டுவந்தவன் ஒரு சிங்களப் பொடியன். கார் கொம்பனி ஒன்றில் பொறியியலாளர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, ஜெர்மன் தட்டுத்தடுமாறித்தான் வரும். நல்ல மரியாதையான பிள்ளை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தான். கொழும்பிலிருந்து அப்பா மூன்று மாத விசாவில் வந்திருக்கிறார், துப்பாக்கி சுடுவதில் விருப்பமானவர், பிறந்தநாளுக்கு ஒருநாள் சுடுதளத்துக்குக் கூட்டிப்போகப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

"கடவுச்சீட்டைக் காட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த இடத்தில் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்குத் தனி விதி இருக்கிறதாம்."

விதித்தாளை நீட்டினான். நகரத்துக்கு வெளியே காட்டோரமாக இருக்கிற ஒரு சங்கத்தின் சுடுதளம். சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கும் திறப்பார்கள். வெளிநாட்டு விருந்தினர் தன் நாட்டுப் பொலிஸிடமிருந்து நன்னடத்தைச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். பெரிய துப்பாக்கி கேட்டால் பயிற்சி பெற்றதற்கு அத்தாட்சியும் வேண்டும். எல்லாம் ஜெர்மனில், முத்திரையோடு. பாதுகாப்பு விதிகளை அவருக்கு விளங்குகிற மொழியில் ஒருவர் நேரில் நின்று சொல்ல வேண்டும். அந்த ஆள் சொந்தக்காரராக இருக்கக் கூடாது.

"நீங்கள் வருவீர்களா?" என்று கேட்டான்.

ஓம் என்றேன். அவன் கொண்டுவந்திருந்த கடிதங்களை அப்போது நான் வாசித்திருக்கவில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணியோடு இருந்து வாசித்தேன். பொலிஸ் சான்றிதழ் சின்னதுதான். இன்னாருக்கு எதிராகப் பாதகமான எதுவும் அறியப்படவில்லை. இந்த வசனத்தை நான் எத்தனையோ தரம் மொழிபெயர்த்திருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டே எழுதுவேன். இரண்டாவது தாள் பயிற்சி அத்தாட்சி. அவர் படையில் அதிகாரியாக இருந்து இளைப்பாறியவர். எந்தெந்த ஆயுதத்தில் தேர்ச்சி, எங்கெங்கே கடமை என்று கீழே ஒரு பட்டியல். மூன்றாவது வரியில் என்னுடைய ஊர். பக்கத்தில் ஆண்டு. நான் எட்டாம் வகுப்புப் படித்த ஆண்டு.

அந்த ஆண்டு எங்கள் சந்தியில் ஆமிக்காரர் சனத்தைச் சோதிக்கச் சென்றி போட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போக அதைத் தாண்ட வேண்டும். சைக்கிளிலிருந்து இறங்கி, உருட்டிக்கொண்டு போய், வரிசையில் நின்று பையைத் திறக்க வேண்டும். ஒருநாள் என் சோத்துப் பாசலை அவிழ்க்கச் சொல்லி, ஒருவன் நிலத்தில் கிடந்த குச்சியை எடுத்துச் சோற்றைக் கிளறினான். முட்டைப் பொரியலைப் புரட்டிப் பார்த்தான். பிறகு மூடச் சொன்னான். வகுப்பில் மத்தியானம் நான் அதைத் திறக்கவில்லை. பசித்தது, ஆனாலும் திறக்க ஏலவில்லை. மண் ஒட்டிய குச்சிதான் கண்ணுக்குள் நின்றது. வரும் வழியில் பனங்காணிக்குள் எறிந்துவிட்டு, அம்மாவிடம் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

குச்சியால் கிளறியவன் இந்த மனிதர் என்று நான் சொல்லவில்லை. அவர் அதிகாரி, சந்தியில் வெயிலில் நின்றிருக்க மாட்டார். ஆனால் என் ஊரின் பெயர் "தேர்ச்சி" என்ற தலைப்புக்குக் கீழே கிடந்தது. அதைத்தான் நான் ஜெர்மனில் எழுத வேண்டியிருந்தது.

என் மனுசன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஏலாதெண்டு சொல்லிவிடுமன். ஆர் உம்மைக் கட்டாயப்படுத்தினது?"

"சொன்ன சொல்லு. பிள்ளையும் நல்ல பிள்ளை."

"பிள்ளைக்கோ செய்யிறீர்? தேப்பனுக்கெல்லோ செய்யிறீர்."

ஒரு பிழையும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஊர்ப் பெயரை மட்டும் மூன்று தரம் எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். பிறகு முத்திரையைக் குத்தினேன். கையைக் கழுவினேன். மை ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை காலமை சுடுதளத்துக்குப் போனேன். வாசலில் சிவப்புப் பூச்சட்டிகள். உள்ளே வெள்ளை விரிப்பு விரித்த மேசையில் ஆப்பிள் கேக்கும் கோப்பியும். சுவர் முழுக்க வெற்றிக் கிண்ணங்கள். கலியாண மண்டபத்தில் வரவேற்கிற மாதிரி ஒரு மனிசி கேக் வெட்டித் தந்தா. பின்பக்கத்தில் டமார் டமார் என்று வெடித்துக்கொண்டிருந்தது. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேக்கும் கோப்பியும் வெடிமருந்தும் ஒன்றாகக் கலந்து மணந்தன. கேக்கை அப்படியே தள்ளி வைத்தேன்.

அவர் வந்தார். மெலிந்த, நரைத்த மனிதர். அழுத்திய சேர்ட். என்னைக் கண்டதும் எழுந்து நின்று தலை குனிந்தார். பொறுப்பாளர் ஒரு பெரிய மனிதன், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு என் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தான்.

"அருமை. எல்லாம் ஒழுங்கு," என்றான். ஒரு பச்சை அட்டையில் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் எழுதி, விருந்தினர் அனுமதி என்று கொடுத்தான். பத்து நிமிஷம் பிடிக்கவில்லை.

பிறகு பாதுகாப்பு விதிகள். அவன் ஜெர்மனில் சொல்லச் சொல்ல நான் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்.

"ஒருபோதும் துப்பாக்கியை மனிதர்களை நோக்கித் திருப்பக் கூடாது."

"நிச்சயமாக," என்றார் அவர். "நிச்சயமாக."

"விளங்கியதா என்று நான் கேட்க வேண்டும். விளங்கினால் இந்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்."

வைத்தார். அழகான கையெழுத்து. எனக்கு அருவருப்பில் நாக்கு கசந்தது.

அவர் சுட்டதைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கை நடுங்கவே இல்லை. மகன் கைத்தொலைபேசியில் படம் பிடித்தான். தாள் திரும்பி வந்தபோது ஓட்டைகள் எல்லாம் நடுவில் ஒரே இடத்தில் கூடிக் கிடந்தன. பொறுப்பாளர் விசில் அடித்தான்.

"எங்கே பழகினார் என்று கேளுங்கள்."

கேட்டேன்.

"வேலையில்," என்றார்.

"வேலையில்," என்று ஜெர்மனில் சொன்னேன். பொறுப்பாளர் சிரித்து அவர் தோளில் தட்டினான். எனக்கும் ஒரு சிரிப்பு வந்தது, மொழிபெயர்ப்பாளருக்கு வருகிற பல்லிளிப்பு. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

கோப்பி குடிக்கும்போது அவர் என்னைக் கேட்டார், இலங்கையில் எந்த இடம் என்று. ஊரைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது.

"நான் அங்கே இருந்தேன்! நல்ல ஊர். நல்ல மாம்பழம். எனக்குத் தமிழும் தெரியும்."

"அப்படியா?"

கோப்பையை வைத்துவிட்டு, விரலை ஒவ்வொன்றாக மடக்கி, ஆசையாகச் சொன்னார்:

"இறங்கு. ஐசி எடு. பாக் திற. எங்க போற? சரி, போ."

மகன் சிரித்தான், அப்பாவின் தமிழ் சரியா என்று என்னைப் பார்த்தான். அவனுக்கு அந்தச் சொற்களின் அர்த்தம் தெரியாது. பக்கத்து மேசையில் யாரோ கேக் கேட்டார்கள்.

"தயவுசெய்து என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது," என்றேன் ஆங்கிலத்தில். "வாங்கோ, இருங்கோ என்றும் இருக்கிறது. அதையெல்லாம் உங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையா?"

அவர் யோசித்தார். கோபப்படவில்லை. பகிடி என்றும் எடுக்கவில்லை.

"இல்லை," என்றார். "எனக்குத் தேவைப்பட்ட சொற்கள் இவ்வளவுதான்."

அந்த நேர்மையைத்தான் என்னால் தாங்க ஏலவில்லை. அவர் முறைத்துப் பார்த்திருந்தால், அல்லது மழுப்பியிருந்தால், வெறுப்பது எவ்வளவு சுகம். மகன் கேட்டான், நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று விளங்காமல், "அப்பா ஏதாவது பிழையாகச் சொல்லிவிட்டாரா?" என்று. அவனுக்கு ஒவ்வொரு சொல்லாக விளக்கினேன். இறங்கு என்றால் சைக்கிளிலிருந்து இறங்குவது. ஐசி எடு என்றால் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவது. பாக் திற என்றால் பள்ளிக்கூடப் பை. சோத்துப் பாசலையும் குச்சியையும் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அவன் காது சிவந்திருந்தது. தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை, மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் எழுந்து, நன்றி என்று கை நீட்டினார். நான் குலுக்கினேன். குலுக்கியிருக்கக் கூடாது. மரியாதை பழகின கை, என்னைக் கேளாமல் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து தலை முழுகினேன். இரண்டு தரம் ஷாம்பூ போட்டும் முடியில் வெடிமருந்து மணம் போகவில்லை. மனுசன் கேட்டார், "என்ன நடந்தது?" என்று. "நல்லாச் சுட்டவர்," என்றேன்.

இரண்டு கிழமை கழித்துச் சுடுதளப் பொறுப்பாளரிடமிருந்து மின்னஞ்சல். என் வேலை மிகவும் திருப்தியாம். வெளிநாட்டு விருந்தினர் இப்போது அதிகம் வருகிறார்களாம், விதித்தாளின் கீழே மொழிபெயர்ப்பாளராக என் பெயரையும் இலக்கத்தையும் போடலாமா என்று கேட்டிருந்தான். போட வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதினேன். காரணம் கேட்டுத் திரும்ப எழுதினான். அதற்கு நான் பதில் போடவில்லை.