தார்ப்பாதையில் ஒரு வெடிப்பு

வேங்கிக்காலில் எங்கள் மனை களிமண் நிலம். வேண்டாம் என்று நாலு பேர் சொன்னார்கள். நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி வாங்கினேன். தெருவுக்குச் சாலை போட வந்தவர்களிடம் கெஞ்சி, மிஞ்சிய தாரைக் கேட்டிலிருந்து வாசற்படி வரை போட வைத்தேன். மழையில் அந்த மண் ஊதும், பொங்கல் கழிந்து வெயில் ஏறினால் சுருங்கும். வருஷா வருஷம் தார் வெடிக்கும், வருஷா வருஷம் நான் அடைப்பேன்.

இந்தத் தடவை அது வீம்புக்குச் செய்த வேலை இல்லை. போன ஆடியில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு சாயங்காலத்தில் கேட் வரை நடப்பாள். அங்கே நின்றால்தான் அவள் தினமும் கும்பிடும் மலை தெரியும். மழை பிடித்த பிறகு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். மழை விட்டு, பொங்கல் கழிந்து வெளியே வந்தபோது, பாதையின் நடுவில் குறுக்காக ஒரு வெடிப்பு. வாக்கரின் சக்கரம் அதில் மாட்டி விழப்போனாள். நல்லவேளை, பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வெடிப்பு வரைக்கும் வந்து திரும்பிவிடுவாள்.

"அது மட்டும் இல்லன்னா கேட்டு வரைக்கும் போயிடுவேங்க" என்பாள். நானும் நம்பினேன். போனில் விசாரித்த சொந்தக்காரர்களிடமும் அதையேதான் சொன்னேன்.

வெடிப்பில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கி, மண்ணைச் சுரண்டி, பொடி ஜல்லியைப் போட்டு இடித்தேன். பழைய பெயின்ட் டப்பாவில் தாரை உருக்கி ஊற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் கை வைத்து வேடிக்கை பார்த்தார்.

"சும்மா அடைக்கிறீங்க சார். அடுத்த மழைக்குத் திரும்பவும் வெடிச்சிடும்."

"அடுத்த மழைய அப்ப பாத்துக்கலாம், நீங்க போங்க" என்றேன். எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் ஜாஸ்தி வந்தது. மேலே மணல் தூவி, செங்கல்லால் தேய்த்துச் சமமாக்கினேன்.

தார் நன்றாக இறுகியதும் அவளைக் கூட்டி வந்தேன். அடைத்த இடத்தில் சக்கரம் ஒரு குலுக்கல் இல்லாமல் உருண்டது. எனக்குச் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாள், நின்றுவிட்டாள்.

"வா, இன்னும் கொஞ்சம்தான்" என்றேன்.

குனிந்து தரையையே பார்த்தாள். "வழி நல்லாத்தாங்க இருக்கு. கால்தான் வரமாட்டேங்குது."

அவள் அழவில்லை. தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, உள்ளே கூட்டி வந்தேன். அந்த வெடிப்பை அடைக்காமலே விட்டிருக்கலாம். அது இருந்தவரைக்கும் எங்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்தது.