கோப்பிலிருந்து நான் எடுத்த தாள்

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அது எனக்கு விளங்கியது. பருப்பை இறக்கி வைத்துவிட்டு உப்புப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் நான் மட்டும். கணவர் எங்களுடைய ஒரே காரை எடுத்துக்கொண்டு விமான நிலைய வேலைக்குப் போயிருந்தார். மகள் ஏழு மணிக்கே வெளிக்கிட்டுவிட்டாள். வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டியபடி அவள் சொன்ன வார்த்தைகள் அதுவரை என் காதோரம் எங்கேயோ கிடந்திருக்க வேண்டும்.

"முன் அக்சில் நல்லாத்தான் இருக்கு அம்மா. பழைய இரும்பெண்டாலும் ஒண்டும் செய்யாது. ஆரும் சூடாக்கி நிமித்தியிருந்தாத்தான் பயம். உங்கட ரிப்போர்ட்டில அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே?"

"இல்லை" என்று சொல்லியிருந்தேன். தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அந்தக் காரின் வரலாற்றைப் பற்றி நான் எழுதிய அறிக்கையில் இல்லைத்தான். முன் அச்சைப் பற்றி எழுதியிருந்த தாள் மேல்மாடியில் என் மேசை இலாச்சிக்குள் கிடந்தது. அதை அங்கே வைத்தவள் நான். பதினொன்றரைக்கு அவள் அந்தப் பழைய பந்தயக் காரில் முதல் தடவையாக ஓடப் போகிறாள்.

இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீடுகளின் உரித்துத் தேடுவது என் தொழில். ஒரு வீடு கைமாறும்போது அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது, நடுவில் எங்காவது தொடர்பு அறுந்திருக்கிறதா என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். ஊரில் காணி உறுதியும், தோம்பு என்ற பழைய நிலப் பதிவேடும் பார்ப்பதைப் போலத்தான். புலம்பெயர்ந்து வந்த இங்கே கணினி, அவ்வளவுதான் வித்தியாசம்.

கார்களின் பக்கம் என்னை இழுத்தவர் எங்கள் நகரத்தின் அஜின்கோர்ட் பகுதியில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை. கணவருக்குத் தூரத்துச் சொந்தம். அடிபட்ட கார்களைத் திருத்துவது அவருடைய சீவனம். பழைய அமெரிக்கப் பந்தயக் கார்கள் அவருடைய விசர். அதிலும் போருக்குப் பிறகு அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்களில், மண் போட்ட வட்டப் பாதைகளில் ஓடிய குட்டிக் கார்கள் என்றால் சாப்பாடு வேண்டாம். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, "தங்கச்சி, வீடுவாசலுக்கெல்லாம் உறுதி தேடுறியள். என்ரை தகரத்துக்கும் ஒருக்கால் தேடித் தாங்கோவன்" என்றார்.

விளையாட்டாகத்தான் தொடங்கினேன். வீட்டை விட இது கடினம் என்று முதல் கிழமையிலேயே தெரிந்துவிட்டது. அந்தக் கார்கள் தெருவில் ஓடியவை அல்ல. அவற்றுக்கு இலக்கத்தகடு கிடையாது, அரசாங்கப் பதிவும் கிடையாது. ஒருவர் மற்றவருக்குக் கைகொடுத்து விற்றிருப்பார். வாங்கியவர் வேறு நிறம் பூசி, வேறு இலக்கம் எழுதி, வேறு இயந்திரம் பூட்டியிருப்பார். கடைசியில் பழைய காரில் மிஞ்சுவது என்ன? ஒரு சட்டகம், ஒரு அச்சு, சில பற்றுவைத்த தழும்புகள். பழைய போட்டி நாள்களில் விற்ற நிகழ்ச்சித் தாள்கள், உள்ளூர்ப் பத்திரிகைப் படங்கள், பெட்டகங்களில் கிடக்கும் குடும்பப் படங்கள், இவற்றை வைத்துத்தான் இது அதுதான் என்று சொல்ல வேண்டும். அண்ணையின் காரை நான் பிடித்தது அதன் மூக்கு மூடியில் இருந்த காற்றுப் பிளவுகளால். இடப்பக்கம் பத்தொன்பது, வலப்பக்கம் பதினெட்டு. செய்தவர் எண்ணிக்கையில் பிசகியிருக்கிறார். பென்சில்வேனியாவில் எடுத்த ஒரு மங்கல் படத்திலும் அதே பிசகு. பூதக்கண்ணாடியை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் சமையலறைக்குள் தனியே நின்று கைதட்டினேன்.

படத்தில் இருந்த குடும்பத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்தப் படத்தில் காருக்குள் இருந்த இளைஞனுடைய தங்கை பதில் போட்டார். இப்போது எண்பதைத் தாண்டிய மூதாட்டி. நடுங்கும் எழுத்தில் மூன்று தாள். முதல் தாளில், தகப்பனும் அண்ணனும் தங்கள் கொட்டிலில் அந்தக் காரைக் கட்டிய கதை. மூன்றாவது தாளில், அது யாருக்கு விற்கப்பட்டது என்ற விபரம். இரண்டாவது தாளில், அந்த அண்ணன் அதே காரில் இறந்த கதை. ஒரு சந்தைத் திருவிழாவில், மூன்றாவது சுற்றில், வேலியில் மோதி. அந்தத் தாளின் அடியில் இப்படி எழுதியிருந்தார்: "அப்பா பல மாதம் கொட்டிலுக்குள் போகவில்லை. பிறகு ஒரு நாள் வளைந்துபோன முன் அச்சைக் கழற்றி, உலையில் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி நேராக்கி, கறுப்புப் பூசித் திரும்பவும் பூட்டினார். வெட்டி எறிய அவருக்கு மனம் வரவில்லை."

அதை வாசித்து நான் அழுதேன். ஒரு தகப்பனின் துக்கம் என்று நினைத்துத்தான் அழுதேன். இரும்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? காய்ச்சி நிமிர்த்திய இரும்பு வெளியில் வடிவாக இருக்கும், உள்ளே வெடிப்பு விட்டிருக்கலாம் என்பது என் மகளுக்குத் தெரியும். அவள் இயந்திரப் பொறியியல் படித்தவள். நான் கடிதம் படித்தவள்.

தாளை ஏன் எடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் சனம் வீடு வாங்கும்போது, கூரையையும் நிலவறையையும் பார்த்து முடித்த பிறகு, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்பார்கள்: "உதுக்குள்ள ஆரும் செத்தவையோ?" நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில் பக்கம் புதுவீடுகளுக்குக் குடும்பம் குடும்பமாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். மண்ணின் மேல் புதிதாக எழும்பிய வீட்டில் யார் செத்திருக்கப் போகிறார்கள்? அலுவலகத்தில் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். கேட்டால் தெரிந்ததைச் சொல்வேன். கேட்காவிட்டால் நானாக வாய் திறப்பதில்லை. அதை நான் பொய் என்று நினைத்ததில்லை. நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் சாவுக் கதை எதற்கு என்றுதான் வளர்ந்தேன்.

அண்ணை காரை முதன்முதலில் இயக்குவதற்கு நாள் பார்த்திருந்தார். கோயிலில் இருந்து ஐயரைக் கூட்டி வந்து கராஜுக்குள் கற்பூரம் காட்டி, அந்தக் குட்டிச் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். இரும்புத் தூசும் பெற்றோல் மணமும் நடுவே சந்தனம். அன்றைக்குத்தான் கோப்பைக் கொடுப்பதாக இருந்தது. காலையில் இரண்டாவது தாளை உருவி எடுத்தேன். அறிக்கையில் அந்த வருடத்துக்கு, "விபத்தின் பின் திருத்தப்பட்டு விற்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதினேன். பிறகு ஆறுதலாகக் கொடுப்போம் என்று நினைத்தேன். பிறகு என்பது வரவேயில்லை.

அன்றைக்கு ஐயர் போன பின் அண்ணை தன் வயிற்றைத் தட்டிக்கொண்டு, "எனக்கு உதுக்குள்ள ஒரு கால்தான் போகும். பிள்ளைதான் ஓட வேணும்" என்றார்.

மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, டோன்ட் ஸ்ரார்ட்" என்றாள். "லைசென்ஸ் எடுத்திருக்கிறன். றேஸ் இல்லை. சும்மா பத்துச் சுத்து, சனம் பாக்க."

"கொம்மா நான் லொறி ஓட்டினாலும் பயப்பிடுவா, நீ நடந்தாலும் பயப்பிடுவா" என்றார் அண்ணை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதினொன்று இருபதுக்கு எனக்கு விளங்கிய உடனே நான் தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. மேலே ஓடினேன். தாளைக் கண்ணால் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்பது என் தொழில் எனக்குப் பழக்கியது. இலாச்சியைக் கிண்டி, கண்ணாடியைத் தேடி, அந்த வரியை இரண்டு தரம் வாசித்தேன். நான்கு நிமிடம் போனது. அந்த நான்கு நிமிடத்தை இன்றைக்கும் நான் நினைக்காத நாள் இல்லை.

மகளுடைய தொலைபேசி நேரே செய்திப் பெட்டிக்குப் போனது. அண்ணையுடையது அடித்து அடித்து ஓய்ந்தது. சத்தத்துக்குள் கேட்காது என்று அவர் அதை லொறிக்குள் போட்டுவிடுவார். பழைய கார்கள் ஓடும் அந்த மைதானத்தின் தொலைபேசி இலக்கத்தை இணையத்தில் தேடி எடுத்தபோது பதினொன்று முப்பத்திரண்டு. ஒரு ஆண் எடுத்தார். எனக்கு மூச்சு வாங்கியது. அந்தக் காரை நிறுத்துங்கள், என் மகள் ஓடுகிறாள் என்றேன்.

"நீங்கள் அம்மாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஓம் என்றேன்.

அவர் சிரித்தார். பொல்லாத சிரிப்பு அல்ல. எல்லா அம்மாமாரும் இப்படித்தான், இங்கே மருத்துவ வண்டி நிற்கிறது, கவலைப்படாதீர்கள் என்றார். பின்னால் இயந்திரங்கள் தேனீக் கூடு கலைந்ததுபோல இரைந்துகொண்டிருந்தன.

அப்போது என் குரல் மாறியது. எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது. அலுவலகத்தில் பேசும் குரலில் சொன்னேன்: "அந்தக் காரின் வரலாற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதியது நான். என் அறிக்கை பிழை. அதில் நான் ஒன்றை மறைத்திருக்கிறேன். அந்தக் கார் ஒருவரைக் கொன்றிருக்கிறது. அப்போது வளைந்த முன் அச்சைச் சூடாக்கி நிமிர்த்திப் பூட்டியிருக்கிறார்கள். அதே அச்சுத்தான் இப்போதும் இருக்கிறது. காரை ஓட்டுபவருக்கு இது தெரியாது."

அவர் சிரிக்கவில்லை. காரின் இலக்கத்தைக் கேட்டார். சொன்னேன். தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு ஓடியது கேட்டது, கதவு அடித்தது கேட்டது.

பிறகு இரைச்சல் மட்டும். தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு கார் அவருடைய அலுவலக யன்னலைக் கடக்கும்போது சத்தம் ஏறி இறங்கியது. எது அவளுடையது என்று தெரியாது. எண்ணத் தொடங்கினேன். மூன்று என்று வந்தபோது எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஒரு கட்டத்தில் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அது நல்லதா கெட்டதா என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அவர் திரும்பி வந்து, "உள்ளே கூப்பிட்டுவிட்டோம். இறங்கி நடக்கிறாள்" என்றார். நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை.

அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. நான் மகளுக்கு ஏழு முறை எடுத்தேன், ஏழும் செய்திப் பெட்டிக்கே போயின. எட்டாவது முறை அடித்து ஓய்ந்தது. ஆகவே தொலைபேசி அவள் கையில் இருக்கிறது, அவள் எடுக்கவில்லை. கணவருக்கு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, வந்து சொல்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன், அவருக்கும் அதையே செய்துகொண்டிருந்தேன். திரும்ப எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "ஏன் எனக்கும் சொல்லேல்லை?" என்றார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னதாக அண்ணையின் லொறி, பின்னால் காரை ஏற்றிய வண்டியோடு, எங்கள் ஒடுக்கமான ரூஜ் தெருவுக்குள் திரும்பியது. குட்டிக் காரின் முன்பக்கம் சில்லுகள் இல்லாமல் மரக்கட்டையில் இருந்தது. கதவைத் திறந்துகொண்டு செருப்பில்லாமல் வெளியே போனேன். மகள் இறங்கினாள். முகத்தில் மண். கை, கால், எல்லாம் இருந்தன. பிடிக்கப் போனேன். ஒரு அடி பின்னுக்கு வைத்தாள்.

அண்ணைதான் முதலில் கதைத்தார். அவரை நான் அப்படி மெதுவாகக் கதைத்துக் கேட்டதில்லை.

"கழட்டிப் பாத்தம் தங்கச்சி. சிவப்புச் சாயம் பூசித் துடைச்சா வெடிப்பிருந்தாக் காட்டும். காட்டினது. தலைமயிர் மாதிரி, என்ரை சுண்டுவிரல் நீளம். இன்னும் எத்தினை சுத்துத் தாங்கியிருக்குமெண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லியிருந்தா நான் அண்டைக்கே மாத்தியிருப்பன். செத்த கதைக்கு நான் பயப்பிடுவனெண்டு நினைச்சனீங்களோ?"

"பயந்தது நான் அண்ணை" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு லொறிப் பக்கம் போனார். மகளும் நானும் புல்லில் நின்றோம். தாள் இன்னும் என் கையில்தான் இருந்தது. காலையிலிருந்து அதை நான் கீழே வைக்கவில்லை. அவள் அதை வாங்கினாள். அந்த ஆங்கிலக் கூட்டெழுத்தை அவளுக்கு வாசிக்க வராது. அடி வரியில் விரலை ஓட்டினாள். பிறகு நிமிராமலே கேட்டாள்:

"செத்தவரின்ரை பேர் என்ன, அம்மா?"