மூன்று தடவை தவறிய டிரைவிங் டெஸ்ட்டும் எங்கள் வீட்டு ஜெபமும்

முதலில் வந்தது இருமல். 1991 மழைக்காலத்தில் பிடித்தது, பங்குனி வெயில் வந்தும் என்னை விடவில்லை. நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தேன். இருபது வயதில் உள்ளே போனவன், முப்பத்தெட்டு வயதாகியும் அந்தப் பஞ்சுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல இருக்கும். டாக்டர் என் நெஞ்சு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மருந்தெல்லாம் அப்புறம், முதலில் மில்லை விடு, இல்லாவிட்டால் கொஞ்ச வருஷத்தில் நடக்கக்கூட மூச்சு மிஞ்சாது என்றார்.

மில்லை விடு என்று சொல்வது அவருக்கு எளிது. எனக்கு அறுந்த நூலை ஒட்டுவதைத் தவிர வேறு என்ன தெரியும்? பக்கத்து ஊர் மம்சாபுரத்தில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், நிலம் இல்லை. வீட்டுக்கு வந்து என் மனைவி எஸ்தரிடம் டாக்டர் சத்து மாத்திரை எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆண்டவர் ஒரு கதவை அடைத்தால் இன்னொன்றைத் திறப்பார் என்று எல்லோரும் சொல்வோம். எனக்குத் திறந்த கதவு அம்பாசிடர் கார் கதவு. பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருந்த ஒரு முதலாளி எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருந்தார். தெலுங்கு பேசுகிற வீடு, நல்ல மனுஷர். அவருடைய டிரைவர் வேலையை விட்டு ஊருக்குப் போக இருந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வா, வண்டி உனக்குத்தான் என்றார். தீபாவளிவரைக்கும் பார்ப்பேன், அதற்குமேல் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டார். அந்த வேலை கிடைத்தால் பஞ்சை விட்டு வெளியே வரலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பஞ்சிலேயே முடிந்துபோக வேண்டியதுதான்.

சித்திரையில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்தவர் பெயர் செல்லையா. வாய் பேசாத மனுஷர் என்றே சொல்லலாம். வாயில் எந்நேரமும் வெற்றிலை. இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் டேஷ்போர்டில் ஒரு தட்டு, பிரேக் என்றால் என் தொடையில் ஒரு தட்டு. பாடம் அவ்வளவுதான். அவரிடம் நன்றாகவே ஓட்டினேன். ரிவர்ஸ் எடுத்தால் கல்லில் படாது. மேட்டில் நிறுத்தி எடுத்தால் வண்டி பின்னால் உருளாது. நீ எழுதி வைத்துக்கொள், முதல் தடவையிலேயே பாஸ் என்று ஸ்கூலில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

ஆனியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் முதல் டெஸ்ட். டெஸ்ட் வைக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வண்டியை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். லெஃப்ட் என்றார், திரும்பினேன். நான்கைந்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஓரமாக நிறுத்தச் சொல்லி இறக்கிவிட்டார். "கவனம் இல்லய்யா உனக்கு. போயிட்டு வா."

அன்றைக்குத் தவறியவர்கள் நான் மட்டும் இல்லை. ஒருவர் மேட்டில் கிளட்சைச் சட்டென்று விட்டு இன்ஜினை அணைத்துவிட்டார். இன்னொருவர் கை காட்டாமல் திரும்பினார். ஒருவர் கியர் போடும்போதெல்லாம் குனிந்து கியரையே பார்த்தார். தேவதானத்துக்காரர் ஒருவர் ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே மைதானத்தைச் சுற்றி வந்தார். அவரவர் குறை அவரவருக்குத் தெரிந்தது. எனக்கு மட்டும் என் குறை என்னவென்று விளங்கவில்லை.

ஆடியில் இரண்டாவது தடவை. அதே இன்ஸ்பெக்டர், அதே வார்த்தை. ஆவணியில் மூன்றாவது தடவை வண்டி சாலை ஓரத்து மண்ணில் இறங்கிவிட்டது. பிரேக்கை மிதித்து நிறுத்தினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு டெஸ்ட்டுக்குப் போனவன் வெறுங்கையோடு வந்தால் தெருவுக்கே முடிவு தெரிந்துவிடும், ஏனென்றால் பாஸானவன் பால்கோவா இல்லாமல் திரும்ப மாட்டான். மூன்று தடவையும் நான் வெறுங்கையோடு பஸ்ஸை விட்டு இறங்கினேன். மில்லில் கேலி வேறு. "ஏலே, காரு உன்ன ஓட்டுதா, நீ கார ஓட்டுதியா?" என்று கேட்டார்கள். நானும் சிரித்துவைத்தேன். சிரித்தால் இருமல் வரும்.

சகோதர சகோதரிகளே, அந்த ஆவணி மாதம் நான் உடைந்துபோனேன். கவனத்தைத் தாரும் என்று உபவாசம் இருந்து ஜெபித்தேன். கர்த்தாவே, ஊரில் ஆடு மாடு மேய்க்கிற பையன்கூட லாரி ஓட்டுகிறான், எனக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்டேன். கோபத்தோடுதான் கேட்டேன், மறைப்பானேன். பதில் வரவில்லை. அல்லது வந்தது எனக்குக் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. ஒரு பாட்டுப் பாடி, எஸ்தர்தான் ஜெபம் பண்ணுவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே ஜெபிக்கிற ஆள் அவள். புரட்டாசியில் ஒருநாள் ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும், பாலை இறக்கிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

"ஜெபத்துலகூட என் வாயவே பாத்துக்கிட்டு இருக்கீகளே. கண்ண மூடுனா நான் பேசுறது உங்களுக்குக் கேக்காதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மில்லுக்காரனைக் கட்டிக்கொண்டு இதைக் கேட்கிறாயே என்றேன். ஸ்பின்னிங்கில் மிஷின் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. முகத்தைப் பார்த்து, உதடு அசைவதைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வோம். யாராவது வாயைத் திறந்தால் கழுத்து தானாகத் திரும்பிவிடும். பதினெட்டு வருஷப் பழக்கம். கடையில், கோயிலில், வீட்டில், எங்கே போனாலும் எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் என்ன செய்தேன்? ரோட்டை விட்டுவிட்டு அவர் உதட்டைப் பார்த்தேன். லெஃப்ட் என்றாலும் பார்த்தேன், ரைட் என்றாலும் பார்த்தேன். கவனம் இல்லை என்று அவர் திட்டியதையும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். செல்லையா அண்ணன் வாய் பேசாதவர் என்பதால் பழகும்போது கழுத்து திரும்பவே இல்லை. அதனால் யாருக்கும் என் குறை தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நான் கிளட்சுக்கும் ரிவர்ஸுக்கும் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன், ஆண்டவர் என் கழுத்தைக் காட்டிக்கொடுத்தார். அதுவும் ஜெபத்தில் வைத்தே காட்டினார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். எஸ்தர் பயந்துபோனாள்.

மறுநாள் செல்லையா அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மனுஷன் வாழ்நாளில் பேசாத அளவுக்குப் பேசினார். அவர் மழையைப் பற்றியும் தன் மைத்துனனைப் பற்றியும் பேசப் பேச நான் ரோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும். அது லேசாக இல்லை. கழுத்து நமநமவென்று இருக்கும். வீட்டில் சாப்பிடும்போது எஸ்தர் பின்னால் நின்று பேசுவாள், நான் தட்டைப் பார்த்தே பதில் சொல்ல வேண்டும். திரும்பினால் குழம்பு கிடையாது என்று சட்டம் போட்டாள்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், நாலாவது டெஸ்ட். சாவியைத் திருப்பும் முன் ஒரே ஒரு ஜெபம்தான் பண்ணினேன். ஆண்டவரே, என் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்ஸ்பெக்டர் லெஃப்ட் என்றார். கை காட்டி, முன்னால் பார்த்தே திரும்பினேன். மேட்டில் நிறுத்தி எடுத்தேன். திடீரென்று அவர் பேச்சுக் கொடுத்தார், என்ன வேலை பார்க்கிறாய் என்று. எதிரே ஒரு மாட்டுவண்டி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, மில்லு வேலைங்கய்யா என்றேன். வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓரம் கட்டி ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன்.

"மூணு தடவையும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்த. இன்னைக்கு ஒரு தடவகூடப் பாக்கலியே?" என்று சிரித்தார். கையெழுத்தும் போட்டார்.

மில்லில் கணக்குத் தீர்ந்து, அந்தத் தை மாதத்தோடு வெளியே வந்தேன். முதலாளி வீட்டு வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கோடை முடிவதற்குள் இருமல் தணிந்தது. அடுத்த வருஷம் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். இன்றைக்கும் நெஞ்சு முழுக்கச் சரியாகிவிடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் படி ஏறுகிறேன், பாட்டுப் பாடுகிறேன்.

இதையெல்லாம்விடப் பெரிய ஒன்றை இன்னும் சொல்லவில்லை. டெஸ்ட் பாஸான அன்று சாயங்காலம் நாங்கள் நன்றி சொல்ல முழங்காலில் நின்றோம். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, அவள் வாயைப் பார்க்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். எஸ்தர் வழக்கம்போல ஜெபித்தாள். கடைசியில் அவள் தலை குனிந்து முணுமுணுக்கிற பகுதி ஒன்று உண்டு. உதடு தெரியாது என்பதால், இத்தனை வருஷமும் அது என்னவென்று எனக்குத் தெரியாது. அன்றைக்குக் காதால் கேட்டேன்.

"ஆண்டவரே, டாக்டர் சொன்னத இவிய எங்கிட்ட மறச்சிட்டாக. எனக்குத் தெரியும்ங்கிறது இவியளுக்குத் தெரிய வேண்டாம். ராத்திரி இவிய இருமும்போது நான் முழிச்சிருக்கதும் தெரிய வேண்டாம்."

ஆமென் என்றாள். நான் கண்ணைத் திறக்கவில்லை.

பிரியமானவர்களே, கேட்டது கிடைக்கவில்லையென்று ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டிருக்கிறீர்களா? என்னிடம் என்ன தடை இருக்கிறது என்று காட்டும் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். அவர் காட்டுவார். அப்படிக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒருவர் உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருப்பது கேட்கும்.