தறிக்குழியின் மேல் ஒரு குதிரை

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். நான் எந்தக் கட்சி என்பதை டாக்டர் எடை மெஷினைப் பார்த்தபோது அவர் முகமே சொல்லிவிட்டது. அன்று முதல் வேலூரில் எங்கள் வீட்டுக் குக்கரில் கொள்ளு வேகிறது. வீட்டில் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கோ அந்த வாசனையை மூக்குக்கு முன்னால் முதுகு கண்டுபிடிக்கிறது. யாரோ பின்னால் நின்று சூடாக மூச்சு விடுவதுபோல் இருக்கும். திடுக்கிட்டுத் திரும்பினால் ஃப்ரிட்ஜ்தான் நிற்கும்.

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆரணியில் கடைத்தெருவில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், புடவைகளை விரித்துப் போட்டுப் போனில் படம் பிடித்து வெளியூர்க்காரர்களுக்கு அனுப்புவது என் வேலை. கண்ணாடியில் ஏதோ அசைந்தால்கூட அலறுவேன். பார்த்தால் நானேதான் அசைந்திருப்பேன். நாய், மாடு, முதலாளி, மின்னல் எல்லாவற்றுக்கும் பயம். குதிரைக்கு மட்டும் பயந்ததில்லை, அதுவரை பக்கத்தில் பார்த்ததில்லை என்பதால்.

ஆரணியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஷகிலா அக்கா இருந்தார். அவர் கணவர் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். வருமானம் போதாமல் சவூதிக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டார். வெள்ளைக் குதிரை மல்லி, அக்கா பொறுப்பில் நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு ஓட்டிப் போக கொழுந்தனார் வருவார், தீனியும் தண்ணியும் அக்கா. அதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவுக்கும் குதிரை என்றால் பயம். பக்கெட்டை ஒரு கழியால் தள்ளித் தள்ளித்தான் அதன் வாயருகே கொண்டுபோவார்.

மல்லி பிறந்ததிலிருந்தே வெளியில் வளர்ந்தது. ஆற்றங்கரைப் புளியமரத்தடியில் நீளக் கயிற்றில் கட்டியிருக்கும். மழையென்றால் மரத்தோடு ஒட்டி நிற்கும், அவ்வளவுதான். கூரை என்ற ஒன்றை அது அறியாது. அந்த வருஷம் மல்லி சினையானது. ஊர்வலத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். அதே சமயம்தான் ஆற்று மணலில் நாய்கள் பெருகின. கறிக்கடைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, அவை கூட்டமாக அலைந்தன. ஒருநாள் காலையில் ஒரு கன்றுக்குட்டியைப் பாதியாகப் பார்த்தோம். ஈன்ற கையோடு ஒரு குதிரைக்குட்டி அந்த மணலில் கிடந்தால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சவூதியிலிருந்து அக்கா கணவர் போனில் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம், ராத்திரியில் உள்ளே கட்டு என்று. அக்கா வீடோ ஒரே அறை. எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு தறிக்கூடம் காலியாக இருந்தது. அப்பா சித்தப்பாவோடு சேர்ந்து வேறு இடத்தில் பெரிதாகக் கூடம் போட்டுத் தறியை அங்கே மாற்றியிருந்தார். அக்கா வந்து கேட்டதும் அப்பா ஒரே வார்த்தையில் சரி என்றுவிட்டார்.

இங்கேதான் நெசவுக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தோம். தறி போனாலும் தறிக்குழி இருந்தது. நெய்கிறவர் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து மிதிக்கட்டையை மிதிக்கிற பள்ளம். எங்கள் பக்கம் வீட்டில் விசேஷம் வந்தால் குழியின் மேல் பலகையைப் பரப்பி, பாய் விரித்து, அதன் மேலேயே பந்தி போடுவோம். என் காதுகுத்துக்கு வந்தவர்கள் எல்லாம் குழிமேல் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தான். பலகை போட்டால் அது தரை. அதற்கு மேல் யோசிக்க எங்களுக்குத் தெரியாது. அப்பா குழியிலிருந்து வாசல்வரை பலகையைப் பரப்பினார், அம்மா வைக்கோலைப் போட்டார், நான் தள்ளி நின்று மேற்பார்வை பார்த்தேன்.

முதல் நாள் மாலை மல்லி வாசலைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தது. தொம் என்று ஒரு சத்தம். அப்படியே பின்வாங்கியது. கண்ணில் வெள்ளை தெரிந்தது, காதுகள் பின்னால் படிந்துவிட்டன, கழுத்தெல்லாம் நடுங்கியது. அன்று இழுத்த இழுப்புக்கெல்லாம் அது நகரவில்லை. ஆளுக்கொரு காரணம் சொன்னோம். நூலுக்குப் போட்ட கஞ்சி வாடை பிடிக்கவில்லை என்றார் அப்பா. இருட்டுக்குப் பயம் என்றேன் நான், என் அனுபவத்தில். அம்மா எலுமிச்சம்பழம் வாங்கிவரப் போய்விட்டார். அக்கா வாய்க்குள் ஏதோ ஓதி, எட்ட இருந்தபடியே ஊதினார்.

மறுநாள் பல்பு போட்டோம். கொள்ளு வேகவைத்து, ஆவி பறக்கப் பறக்கப் பக்கெட்டில் கொண்டுபோய்க் கூடத்தின் கடைசிச் சுவரோரம் வைத்தோம். பசி பயத்தை வென்றது. மல்லி வயிற்றைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடித் தரையில் நடப்பதுபோல் அடி மேல் அடி வைத்து வந்தது. நடுவில் வந்ததும் பலகை முறிந்தது.

இடது முன்னங்கால் குழிக்குள் போய்விட்டது. அந்தக் கனைப்பை நான் எழுத்தில் எழுத முடியாது. மல்லியின் முழு உடம்பும் முன்பக்கம் சாய்ந்து, வயிறு பலகை விளிம்பில் இடித்தது. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். கால் முறிந்த குதிரையை என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். கேள்விப்பட்டதுண்டு. அதன் வயிற்றுக்குள் இருந்ததையும் நினைத்தேன். கழியால் பக்கெட் தள்ளுகிற ஷகிலா அக்கா, என்ன ஏது என்று பார்க்காமல் ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அப்பா பலகைகளைப் பிடுங்கி எறிந்தார். இரண்டு முறை துள்ளி, மூன்றாவதில் மல்லி காலை உருவிக்கொண்டு வெளியே பாய்ந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து சதை தெரிந்தது. எலும்பு பிழைத்தது.

மாட்டு டாக்டர் வந்தார். வயிற்றில் கை வைத்து நெடுநேரம் நின்றார். "இப்போ ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. பாத்துகினே இருங்க" என்றார். அதைவிடப் பயங்கரமான வைத்தியம் உலகத்தில் கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தோம். ஈன்று முடிக்கிற வரை எங்கள் தெருவில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

பலகை முறிந்த மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. ஆற்றிலிருந்து மணல் கொண்டுவந்து குழியில் கொட்டினார், தண்ணீர் ஊற்றினார், மிதித்தார், மறுபடி கொட்டினார். தன் பாதி ஆயுசுக்கு அதில்தான் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் உதவப் போனதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

பிறகுதான் உருப்படியாக யோசித்தோம். கதவைக் கழற்றிவிட்டோம். வாசலுக்கு வெளியே தீனி, அப்புறம் வாசற்படியில், அப்புறம் ஓர் அடி உள்ளே. எல்லாம் பகல் வெளிச்சத்தில். அக்கா கயிற்றைப் பிடிக்க வேண்டும், அம்மா வரமாட்டார், ஆகவே பக்கெட்டோடு உள்ளே நிற்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சுவருக்கும் ஒரு குதிரைக்கும் நடுவில் நின்று பார்த்தால்தான் அதன் அகலம் தெரியும். மல்லி வாசலில் நின்று, முன்னங்காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டும். பொத்தென்று மண் சத்தம் வருகிறதா என்று கேட்கும். ஷகிலா அக்கா ஒவ்வொரு முறையும் அதையே சொல்வார்.

"மண்ணுதான்டி, வா."

அந்தக் குரல் கேட்டால்தான் வரும். வந்து என் தோளுக்கு மேல் மூச்சுவிட்டுக்கொண்டு கொள்ளைத் தின்னும். எனக்கு நாக்கு உலர்ந்துபோகும். ஒருநாள் அக்காவிடம் சொன்னேன், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. "எனக்கு மட்டும் இல்லியா? அதுக்கும் பயம்தான். மூணு பேரும் பயந்துகினே நிப்போம், வா" என்றார். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

கதவை மறுபடி மாட்டியபோது அப்பா அதை இரண்டாக அறுத்துவிட்டார், மேல் பாதி திறந்தே இருக்கும்படி. வானம் தெரிந்ததும் மல்லி கொஞ்சம் அடங்கியது. துணைக்கு ஓர் ஆட்டையும் கட்டினோம். அப்படியும் முதல் ராத்திரிகளில் சுவரை உதைக்கிற சத்தம் என் தலையணைக்குள் கேட்கும். பக்கத்து வீட்டுப் பவர்லூம் ஓடினால் பேசாமல் இருக்கும், கரண்ட் போய் அது நின்றால் மிரளும். ஒரு விடியற்காலை எட்டிப் பார்த்தபோது மல்லியின் விலாவில் வைக்கோல் ஒட்டியிருந்தது. படுத்துத் தூங்கியிருக்கிறது. குதிரை நம்பாத இடத்தில் படுக்காதாம். அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

தை பிறந்து குட்டியும் பிறந்தது, கறுப்பாக, உயிரோடு, எழுந்து நிற்க நான்கு காலையும் நான்கு திசைக்குப் பரப்பிக்கொண்டு. நாய்கள் அன்று தெருமுனையில் குரைத்துக்கொண்டிருந்தன. உள்ளே வரவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று கலைந்தது. சவூதிக்காரர் திரும்பிவந்து குடும்பத்தை ஆம்பூருக்குக் கூட்டிப்போனார். மல்லியையும் குட்டியையும் கண்ணமங்கலத்தில் ஒருவருக்குக் கொடுத்தார்கள். எனக்குக் கல்யாணமாகி வேலூர் வந்தேன். அப்பா பின்பக்க இடத்தை விற்றார். வாங்கியவர் கூடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டு, எல்லைக்கல் நட்டு, அப்படியே போட்டுவைத்திருக்கிறார்.

போன வருஷம் அம்மாவைப் பார்க்க ஆரணிக்குப் போயிருந்தேன். பொழுது சாய்கிற நேரம், தெருவில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். பேண்டு சத்தத்துக்கு வெளியே வந்தால், வெள்ளைக் குதிரை. வயதாகியிருந்தது. இடது முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே ஒரு திட்டில் முடி இல்லை. நான் பெயரைச் சொல்வதற்குள் அது ஊர்வலத்தை விட்டு எங்கள் வீட்டோரச் சந்துக்குள் திரும்பியது. மேலே தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை சேணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினார். பிடித்து வந்த ஆள் இழுத்தும் பயனில்லை. கூடம் இருந்த இடத்துக்குப் போய், கதவு இருந்த இடத்தில் சரியாக நின்றது. முன்னங்காலால் இரண்டு தட்டுத் தட்டியது.

தட்டிவிட்டு நின்றுகொண்டே இருந்தது. சொல்ல அக்கா இல்லை. நான் பக்கத்தில் போனேன். நாக்கு உலரத்தான் செய்தது.

"மண்ணுதான்டி, வா" என்றேன்.

மாப்பிள்ளையோடு உள்ளே நடந்தது. அதை உள்ளே என்று நானும் மல்லியும் மட்டும்தான் சொல்லுவோம். கடைசிச் சுவர் இருந்த பக்கம் போய்த் திரும்பி, தலையைத் தாழ்த்தி, யாராவது வந்து கதவைச் சாத்துவார்கள் என்று அந்த வெட்டவெளியில் காத்துக்கொண்டு நின்றது.