நான்காவது விநாடியில் அணையும் கணினி

இது நடந்தது. எனக்கு நடந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், என் வலது கைக் கட்டைவிரலுக்கு நடந்தது. கதை கட்டிச் சொல்லத் தெரிந்தவன் இல்லை நான். வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கெமி நகரத்தில் பதினாறு வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். பெட்டியைத் திறப்பேன், கெட்டுப்போன பாகத்தைக் கழற்றுவேன், புதியதை மாட்டுவேன், மூடுவேன். காரணம் இல்லாமல் எந்தக் கணினியும் மக்கர் பண்ணாது என்று சத்தியம் செய்திருப்பேன். போன டிசம்பர் வரைக்கும்.

தைனா என்று ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். விவாகரத்து ஆகி, துர்க்குவிலிருந்து எங்கள் ஊருக்குப் புதிதாகக் குடிவந்திருந்தாள். மரம் வெட்டும் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலை. எந்தக் காட்டில் எந்தப் பக்கம் வெட்டலாம், எங்கே தரை சதுப்பு, எங்கே வண்டி இறங்கிப் புதையும் என்பதெல்லாம் அவள் படத்தில் இருக்கும். மடிக்கணினி அதைத் தாங்காது. அதற்காகவே ஒரு பெரிய கணினி வாங்கியிருந்தாள். அதுதான் எழும்ப மறுத்தது.

பவர் பட்டனைத் தட்டினால் விசிறி சுற்றுகிறது, திரையில் வெளிச்சம் வருகிறது, வந்த கையோடு அணைந்துபோகிறது. இதுதான் அவள் சொன்ன புகார்.

கடையில் போட்டுப் பார்த்தேன். ஒரே தட்டு, எழும்பிவிட்டது. மாலைவரை ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை. தூசி தட்டிக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் காலை போன் வந்தது. "உங்க கடையில நல்ல பிள்ளையா இருந்துட்டு, வீட்டுக்கு வந்ததும் அடம் பிடிக்குது" என்றாள்.

மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினேன். கடையில் ஓடியது, அவள் வீட்டில் ஓடவில்லை. நினைவகத்தை மாற்றினேன், கம்பிகளை மாற்றினேன். அதே கதைதான். கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரிந்தால் கோபம் வராது. கெட்டுப்போகாத ஒன்று வேலை செய்யாமல் இருந்தால் வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது. இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. சாப்பிடும்போதுகூட அந்தப் பெட்டிதான் கண்முன்னால் நின்றது.

கடைசியில், கணினி தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் பதிவைத் தோண்டினேன். அவள் வீட்டில் அணைந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரே வரி. பவர் பட்டன் தொடர்ந்து அழுத்தப்பட்டதால் நிறுத்தப்பட்டது.

கணினி உறைந்துபோனால் பட்டனை நான்கு விநாடி விடாமல் அழுத்திப் பிடித்து அணைப்போமே, அதுதான். பழுதே இல்லை. யாரோ அணைக்கிறார்கள்.

வீட்டில் பூனை இருக்கிறதா என்று போனில் கேட்டேன்.

"பூனையும் இல்ல, புருஷனும் இல்ல. நான் ஒருத்திதான்" என்றாள். குரலில் சூடு ஏறியிருந்தது.

அப்படியென்றால் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது என்று முடிவு கட்டினேன். கணினியின் வெளிக்கூடு முழுவதையும் மாற்றினேன். புதுக்கூடு, புதுப் பட்டன். கடையில் நூறு தடவையாவது அழுத்திப் பார்த்திருப்பேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று சாயங்காலமே அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. "செத்துப்போச்சு. மறுபடியும்."

அந்த வியாழக்கிழமை நானே கருவிப்பையோடு அவள் வீட்டுக்குப் போனேன். மதியம் இரண்டரை மணி. வெளியே அதற்குள் இருட்டிவிட்டது. எங்கள் ஊரில் டிசம்பரில் அப்படித்தான். மாலை ஆறு மணிக்குள் வரைபடம் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நிறுவனத்தில் சொல்லிவிட்டார்களாம். வேலை அவளுக்கு இன்னும் நிரந்தரமாகவில்லை.

இரண்டாவது மாடி. முற்றத்தைப் பார்த்த சமையலறை, தெருவைப் பார்த்த ஒரே அறை. அறையின் ஜன்னலோரம் மேஜை, மேஜைக்குக் கீழே கணினி. இணைய இணைப்பு அந்தச் சுவரில்தான் இருந்தது. ஜன்னல் விளிம்பில் பண்டிகைக்கு வைக்கும் மின்மெழுகுவர்த்திகள் ஏழு. ஒன்றும் எரியவில்லை, அறை விளக்கும் எரியவில்லை. கேட்டதற்கு, "அதுவும் நிக்க மாட்டேங்குது. பல்பு மாத்தி மாத்திக் கை ஓஞ்சுபோச்சு" என்றாள். மின்பணியாளர் வந்து சுவரைச் சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கணினியைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எழும்பியது. இரண்டு பேரும் நின்றபடியே காபி குடித்தோம். அது பாட்டுக்கு ஓடியது.

அறைக்குத் தூக்கி வந்தேன். விசிறி சுற்றியது. வெளிச்சம் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... அணைந்தது.

மறுபடி சமையலறை. ஓடியது.

சமையலறைச் சுவரிலிருந்தே நீளமாக ஒயர் இழுத்து, அறையில் வைத்துப் போட்டேன். அதே மின்சாரம், அதே கணினி. நான்காவது விநாடியில் அணைந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். தைனா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது; முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சமையலறையிலேயே வைத்து வேலை செய்துவிடலாமே என்று அவள்தான் கேட்டாள். அதற்கு நீளமான இணையக் கம்பி வேண்டும். என் வண்டியில் இருந்தது. சாவியைக் கொடுத்தேன். அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அத்தனை நாள் என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிய பெட்டி. ஒரே ஒரு சோதனை பாக்கி இருந்தது.

கூட்டைத் திறந்தேன். பவர் பட்டனிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய ஒயரைப் பிடுங்கிப் போட்டேன். இனி அந்தப் பட்டன் வெறும் பிளாஸ்டிக். யார் அழுத்தினாலும் ஒன்றும் ஆகாது. ஒயர் இருந்த இடத்தில் இரண்டு ஊசிகள். ஸ்க்ரூடிரைவர் முனையால் இரண்டையும் தொட்டேன்.

விசிறி சுற்றியது. வெளிச்சம் வந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து... ஆறு...

அணையவில்லை.

எழுந்து நின்று தனியாகச் சிரித்தேன். திரையின் நீல வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் நிறைந்தது. கீழே தெருவில் பனிமேல்கூட லேசாக விழுந்தது.

அப்போதுதான் கேட்டது.

டிக்.

மேஜைக்குக் கீழிருந்து. குனிந்து பார்த்தேன். பவர் பட்டன் உள்ளே போயிருந்தது. எதோடும் இணைப்பு இல்லாத பட்டன். உள்ளேயே நின்றது. நான் எண்ணவில்லை, மனம் தானாக எண்ணியது. நான்கு விநாடி.

டிக். வெளியே வந்தது.

டிக். மறுபடி உள்ளே.

ஸ்பிரிங் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன். முழங்காலிட்டு, பட்டன் வெளியே வந்ததும் அதன்மேல் கட்டைவிரலை வைத்தேன். அழுத்தவில்லை. சும்மா வைத்தேன்.

என் விரல்மேல் இன்னொரு விரல் வந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கை தெரிந்தது. என் நகம் தெரிந்தது. நகத்தின்மேல் ஒரு விரல்நுனி அளவுக்குக் குளிர்.

அது அழுத்தியது.

பலமே இல்லை. நடுங்கியது. நோயாளி கை நடுங்குமே, அப்படி. என் விரலோடு சேர்த்துப் பட்டனை உள்ளே தள்ளியது. பிடித்துக்கொண்டிருந்தது...

விட்டது.

திரையைப் பார்ப்பது போல ஒரு சின்ன இடைவெளி.

மறுபடி அழுத்தியது.

அதில் கோபம் இல்லை. அதுதான் என்னை உலுக்கியது. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

நான் கையை இழுக்கவில்லை. இழுக்க முடியவில்லை.

டிக்...

டிக்...

பிறகு என் இடது கை தரையில் இருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தேடியது. அதன் சிவப்பு ஸ்விட்ச்.

டக்.

இருட்டு.

விரல்மேல் இருந்த குளிர் போய்விட்டது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. வேலை முடிந்த வீடு மாதிரி அமைதி.

தைனா கம்பியோடு மேலே வந்தபோது மணி மூன்றே முக்கால். நான் கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தேன். என்ன பழுது, கண்டுபிடித்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் இப்படி வெளுத்துப்போயிருக்கிறீர்கள் என்றாள். கம்பியை இழுத்து மாட்டினேன். கணினி ஓடியது. ஐந்தரை மணிக்கு அவள் வரைபடம் போய்ச் சேர்ந்துவிட்டது. வேலையும் நிலைத்தது. அதன்பிறகு அவள் அந்த அறைப் பக்கம் மேஜையைப் போடவே இல்லை. வசந்தம் வந்ததும் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று கீழே இறங்கி வண்டியில் பையை வைக்கும்போது, எதிர்க் கட்டடத்து வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மண்வெட்டியை நட்டுவிட்டு என்னிடம் வந்தார். என்சியோ என்று பெயர் சொன்னார். எழுபது தாண்டியவர். இரண்டாவது மாடியில் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வெளிச்சம் போட்டது நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"நீல வெளிச்சம் தெரிஞ்சதும் எனக்குக் கைகால் ஓடல" என்றார்.

அந்த வீட்டில் முன்பு இருந்தவர் தௌனோ. ஓய்வுபெற்ற கப்பல் ரேடியோக்காரர். தனி ஆள். என்சியோவின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவருடைய ஜன்னல். ராத்திரி முழுக்கக் கணினியில் சதுரங்கம் ஆடுவாராம். திரை அணையாதபடி வைத்திருப்பாராம். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஆனால் என்சியோ படுக்கப் போகுமுன் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்ப்பார். அது தௌனோவுக்கும் தெரியும்.

"வெளிச்சம் தெரியும். சரி, தௌனோ முழிச்சிருக்கான், நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சுட்டுப் படுத்துடுவேன்."

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஜனவரியில் ஒருநாள், தெரு முழுக்க மின்சாரம் நின்றது. ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. எல்லா ஜன்னலும் எரிந்தன. தௌனோவின் ஜன்னல் மட்டும் எரியவில்லை. மறுநாளும் எரியவில்லை. அதன்பிறகுதான் என்சியோ, கட்டடத்துச் சாவி வைத்திருப்பவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்திருக்கிறார்.

"செத்து ஏழு வாரம் ஆச்சுன்னாங்க. ஏழு வாரமும் நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்துட்டுத்தான் படுத்திருக்கேன்."

அவர் கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அவன் நாற்காலியில இல்ல. கீழே விழுந்து கிடந்தான். தரையில கொஞ்ச தூரம் இழுத்துக்கிட்டுப் போயிருக்கான். கதவுப் பக்கம் இல்ல... மேஜைக்கு அடியில. கணினிப் பக்கம். கை அந்தப் பட்டனை நோக்கி நீட்டியபடி அப்படியே இருந்துது. இன்னும் ஒரு சாண்தான்."

நான் என் வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தேன். கட்டைவிரலில் அதுவரை உணர்ச்சி திரும்பவில்லை.

"சாகக் கிடக்கிறவன் எதுக்குக் கணினியை அணைக்கப் பார்த்தான்?" என்று என்சியோ கேட்டார். "எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

அவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்த ஜன்னல் அன்று இருண்டிருந்தால் இவர்தான் முதலில் ஓடியிருப்பார். எனக்கும் புரியவில்லை என்றேன்.